ரிமோட்டை மதிக்காமல் 8 மாதம் அலைந்த 'ஸாம்பி' சாட்டிலைட்... அமெரிக்க டிவி தப்பித்தது எப்படி?

காது கேட்காது, ஆனால் வாய் மூடாது. 2010-ல் விண்வெளியில் தறிகெட்டு நகர்ந்த ஒரு செயற்கைக்கோளின் கதை இது. நம் கண்ணுக்குத் தெரியாமல் இயங்கும் ஒரு பெரிய பிசினஸின் பலமும் பலவீனமும் இதில் இருக்கிறது.

2010 ஏப்ரல் 5. பசிபிக் பெருங்கடலுக்கு நேர் மேலே, 35,786 கி.மீ உயரத்தில் 'கேலக்ஸி 15' என்ற தகவல் தொடர்பு செயற்கைக்கோள் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. இன்டெல்சாட் நிறுவனத்துக்குச் சொந்தமானது. அமெரிக்க கேபிள் டிவி சேனல்களைச் சுமப்பதுதான் அதன் முக்கிய வேலை. 2005 அக்டோபரில் ஏவப்பட்டது; வயது ஐந்துகூட ஆகவில்லை.

அன்று திடீரென்று, தரையிலிருந்து போன கட்டளைகளுக்கு அது பதில் சொல்வதை நிறுத்திவிட்டது.

சாட்டிலைட் செத்துப்போவது புதுசு இல்லை. பவர் போகும், சிக்னல் நிற்கும், கதை முடிந்தது. ஆனால், கேலக்ஸி 15 சாகவில்லை. சோலார் தகடுகள் சூரியனைப் பார்த்தபடியே இருந்தன. ஆன்டெனா அமெரிக்காவைப் பார்த்தபடியே இருந்தது. டிரான்ஸ்பாண்டர்கள் எல்லாம் முழு வேகத்தில் ஆன். 'ஆஃப் ஆகு' என்று சொன்னால் மட்டும் கேட்காது. அது மெதுவாகக் கிழக்கு நோக்கி நகரவும் ஆரம்பித்தது. அந்தப் பாதையில் அடுத்தடுத்து நின்றுகொண்டிருந்தவை மற்ற சாட்டிலைட்கள்.

மீடியா அதற்கு வைத்த பெயர் 'ஸாம்பிசாட்'.

முதல்ல, 'நிற்கும்' சாட்டிலைட்னா என்ன?

ஒரு சாட்டிலைட் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அதைப் பொறுத்துத்தான் அது பூமியைச் சுற்ற எடுக்கும் நேரம். சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கி.மீ உயரத்தில் இருக்கிறது. ஒன்றரை மணி நேரத்தில் ஒரு சுற்று முடித்துவிடும். உயரே போகப் போக சுற்றும் நேரம் அதிகமாகும். பூமத்திய ரேகைக்கு நேர் மேலே 35,786 கி.மீ போனால், ஒரு சுற்றுக்கு 23 மணி 56 நிமிடம் ஆகும். பூமி தன்னைத்தானே ஒரு முறை சுற்ற எடுக்கும் நேரமும் அதுதான்.

இரண்டும் ஒரே வேகத்தில் சுற்றுவதால், தரையிலிருந்து பார்க்கும் நமக்கு அந்த சாட்டிலைட் வானத்தில் ஆணி அடித்த மாதிரி ஒரே இடத்தில் நிற்பதாகத் தெரியும். உண்மையில் அது நொடிக்கு சுமார் 3 கி.மீ வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது. இதைத்தான் புவிநிலைச் சுற்றுப்பாதை என்கிறோம்.

இதில் என்ன லாபம்? மாடியில் இருக்கும் டிஷ்ஷை ஒரு முறை திருப்பி வைத்தால் போதும். பிறகு அதைத் தொடவே வேண்டாம். அமெரிக்காவிலும் கனடாவிலும் டிஷ் எல்லாம் தெற்கு நோக்கி இருக்கும். அர்ஜென்டினாவில் வடக்கு நோக்கி. காரணம், எல்லா புவிநிலை சாட்டிலைட்களும் நடுவில் இருக்கும் பூமத்திய ரேகைக்கு மேலேதான் வரிசை கட்டி நிற்கின்றன.

இப்படி மூன்று சாட்டிலைட் இருந்தால் கிட்டத்தட்ட உலகம் முழுவதையும் இணைத்துவிடலாம் என்று 1945-லேயே ஒரு கட்டுரையில் எழுதியவர் ஆர்தர் சி.கிளார்க். பிற்காலத்தில் இலங்கையிலேயே குடியேறி, 2008-ல் கொழும்பில் காலமான அதே அறிவியல் புனைகதை எழுத்தாளர்தான்.

டிவிக்கும் இதுக்கும் என்ன கனெக்‌ஷன்?

உள்நாட்டுத் தேவைக்காகப் புவிநிலை சாட்டிலைட்டை முதலில் பயன்படுத்தியது கனடா. 1972-ல் ஏவப்பட்ட 'அனிக் ஏ1', ஆர்க்டிக் பகுதியின் தொலைதூர ஊர்களுக்கு டிவியையும் தொலைபேசியையும் கொண்டுபோனது. 1974-ல் அமெரிக்காவின் 'வெஸ்டார் 1' வந்தது.

ஆட்டத்தை மாற்றியது 1975 செப்டம்பர் 30. மணிலாவில் முகமது அலியும் ஜோ ஃப்ரேஸியரும் மோதிய குத்துச்சண்டையை எச்.பி.ஓ சாட்டிலைட் வழியாக அமெரிக்க கேபிள் நிறுவனங்களுக்கு லைவாகக் கொடுத்தது. அதற்கு முன்பு ஒரு சேனலை நாடு முழுக்கக் கொண்டுபோக மைக்ரோவேவ் கோபுரங்களை வரிசையாக நட வேண்டும். இப்போது ஒரு சாட்டிலைட், ஊருக்கு ஒரு டிஷ். அவ்வளவுதான். கேபிள் டிவி என்கிற பெரிய தொழில் அங்கே வேகமெடுத்தது.

இன்றும் அந்த அமைப்பு பெரிதாக மாறவில்லை. சேனல் நிறுவனம் பெரிய ஆன்டெனாவிலிருந்து சிக்னலை மேலே அனுப்பும். சாட்டிலைட்டில் இருக்கும் டிரான்ஸ்பாண்டர் அதை வாங்கி, அதிர்வெண்ணை மாற்றி, பெருக்கி, கீழே அனுப்பும். ஆயிரக்கணக்கான கேபிள் ஆபரேட்டர்கள் அதைப் பிடித்து வீடுகளுக்குக் கொடுப்பார்கள். சாட்டிலைட் நிறுவனத்தின் வருமானம், டிரான்ஸ்பாண்டரை வாடகைக்கு விடுவதில் வருகிறது. வானத்தில் கட்டடம் கட்டி ரூம் ரூமாக வாடகைக்கு விடும் ரியல் எஸ்டேட் பிசினஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கட்டடம் ஒன்று இடிந்தால் என்னாகும் என்று 1998 மே 19 அன்று அமெரிக்கா பார்த்தது. 'கேலக்ஸி 4' சாட்டிலைட்டின் கட்டுப்பாட்டுக் கணினி செயலிழந்து, அது திசை தவறிச் சுழல ஆரம்பித்தது. செல்போன் பரவாத காலம் அது. அமெரிக்காவின் 80 சதவிகிதத்துக்கும் மேற்பட்ட பேஜர்கள் ஒரே அடியில் மௌனமாகின. டாக்டர்களை மருத்துவமனைகளால் அழைக்க முடியவில்லை. பல பெட்ரோல் பங்குகளில் கார்டு தேய்க்க முடியவில்லை. ஒரே ஒரு சாட்டிலைட், கோடிக்கணக்கான மக்கள்.

கேலக்ஸி 15 விஷயத்தில் பயம் வேறு மாதிரியானது. அதன் சேவையை மாற்று சாட்டிலைட்டான 'கேலக்ஸி 12' வந்து ஏற்றுக்கொண்டது. பிரச்னை, வேலை போன பிறகும் வீட்டைக் காலி செய்யாமல், அடுத்த வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த பழைய ஆசாமிதான்.

நின்றது ஏன் நகர ஆரம்பித்தது?

'ஆணி அடித்த மாதிரி நிற்கும்னு சொன்னீங்களே?' என்று நீங்கள் கேட்கலாம். அது தானாக நிற்பதில்லை, நிறுத்திவைக்கிறார்கள்.

நிலாவும் சூரியனும் சாட்டிலைட்டை வடக்கு தெற்காக இழுத்துக்கொண்டே இருக்கும். பூமியும் கச்சிதமான உருண்டை கிடையாது. பூமத்திய ரேகையே லேசாக நசுங்கிய வட்டம்தான். அதனால் ஈர்ப்பு விசை எல்லா இடத்திலும் சமமாக இல்லை. இந்தச் சுற்றுப்பாதையை மேடு பள்ளமான ஒரு வட்டச் சாலையாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அதில் இரண்டு பள்ளங்கள். ஒன்று, நம் பக்கம், கிழக்குத் தீர்க்கரேகை 75 டிகிரி அருகே. இன்னொன்று அமெரிக்கக் கண்டங்களின் பக்கம், மேற்கு 105 டிகிரி அருகே.

பிரேக் போடாத வண்டி பள்ளத்தை நோக்கி உருளும் அல்லவா? கட்டுப்பாடு இழந்த சாட்டிலைட்டும் அப்படித்தான். பள்ளத்தைத் தொட்டதும் நிற்காது. வந்த வேகத்தில் மறுபக்கம் ஏறி, திரும்ப உருண்டு, ஊஞ்சல் மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு முறை போய் வரவே இரண்டு வருடத்துக்கு மேல் ஆகும்.

இதைத் தடுக்கத்தான் ஒவ்வொரு சாட்டிலைட்டும் எரிபொருள் சுமக்கிறது. அவ்வப்போது சின்னச் சின்னதாக எரித்து, தனக்கான இடத்தில் சுமார் 0.05 டிகிரிக்குள், அதாவது இருபுறமும் 37 கி.மீ-க்குள் தன்னை வைத்துக்கொள்ளும். ஒரு சாட்டிலைட்டின் ஆயுள் 15 வருடம் என்கிறார்கள் என்றால், பெரும்பாலும் அந்த எரிபொருள் அத்தனை வருடம்தான் வரும் என்று அர்த்தம்.

கேலக்ஸி 15-ன் இடம் மேற்கு 133 டிகிரி. எரிபொருள் இருந்தது. ஆனால், 'இன்ஜினை ஓட்டு' என்று சொன்னால் கேட்க காது இல்லை. அது மெதுவாகக் கிழக்கே, 105-ஐ நோக்கி உருள ஆரம்பித்தது.

இடிக்கும் பயமா?

மோதல்தான் ஆபத்து என்று நினைத்தால், அது இல்லை. இந்த உயரத்தில் ஒரு டிகிரி என்பது 736 கி.மீ தூரம். அமெரிக்காவில் சாட்டிலைட்களுக்கு இடையே வழக்கமான இடைவெளி 2 டிகிரி. அதாவது சுமார் 1,470 கி.மீ. ஸாம்பி எங்கே வருகிறது என்று துல்லியமாகத் தெரியும். அதனால், பக்கத்து சாட்டிலைட் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டால் போதும்.

உண்மையான ஆபத்து சிக்னலில் இருந்தது. கேலக்ஸி 15-ம் அதன் பக்கத்து சாட்டிலைட்களும் பயன்படுத்தியது 'சி-பேண்ட்' எனப்படும் ஒரே அலைவரிசைத் தொகுப்பு. இரண்டு டிகிரி தள்ளி நிற்கும்வரை இதில் சிக்கலே இல்லை. தரையில் இருக்கும் ஆன்டெனா தன் சாட்டிலைட்டை மட்டும் குறிவைத்துப் பார்க்கும். பக்கத்தில் இருப்பது அதன் பார்வையில் விழாது.

ஆனால், இரண்டும் அருகருகே வந்துவிட்டால்? தரையிலிருந்து ஒரு சேனலின் சிக்னல் மேலே போகும். உரிய சாட்டிலைட் அதை வாங்கித் திருப்பி அனுப்பும். பக்கத்தில் வந்த ஸாம்பியும் அதே சிக்னலைக் கேட்டு, அதே அதிர்வெண்ணில், கொஞ்சம் முன்னே பின்னே திருப்பி அனுப்பும். அது குழாய் மாதிரி. யார் தண்ணீர் ஊற்றுகிறார்கள் என்றெல்லாம் பார்க்காது. ஒரே தெருவில் இரண்டு வீட்டு விசேஷம், இரண்டு வீட்டு ஸ்பீக்கரிலும் ஒரே பாட்டு அரை நொடி தள்ளி ஓடினால் காதில் என்ன விழும்? அதேதான். பாட்டு கேட்காது, இரைச்சல்தான் கேட்கும். டிவி திரையில் படம் உடையும், உறையும், காணாமல் போகும்.

போட்டியாளர்கள் கைகோத்த நேரம்

முதல் ஆபத்து, மேற்கு 131 டிகிரியில் நின்ற 'ஏ.எம்.சி-11'. சொந்தக்காரர் எஸ்.இ.எஸ், இன்டெல்சாட்டின் நேரடிப் போட்டியாளர். கேபிள் சேனல்களை அமெரிக்கா முழுக்க விநியோகிக்கும் முக்கியமான சாட்டிலைட் அது. ஸாம்பி அதன் வாசலுக்கு வரப்போவது மே மாதக் கடைசியில் என்று கணக்கிட்டார்கள்.

அதற்குள் கேலக்ஸி 15-ஐ அணைத்துவிட இன்டெல்சாட் எல்லா வழியிலும் முயன்றது. லட்சத்துக்கும் அதிகமான கட்டளைகள் அனுப்பப்பட்டன. எதுவும் பலிக்கவில்லை. மே 3 அன்று, பலமான சிக்னலை அனுப்பி அதன் மின்சார அமைப்பைத் திணறவைத்து, தானாக அணைய வைக்கலாம் என்று பார்த்தார்கள். அதுவும் தோல்வி.

மிச்சம் இருந்தது ஒரே வழி. ஸாம்பியை நிறுத்த முடியாது. எனவே, மற்றவர்கள் நகர வேண்டும். எஸ்.இ.எஸ் தன் ஏ.எம்.சி-11-ஐக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஸாம்பிக்கும் அதற்கும் இடையே முடிந்தவரை தூரத்தைக் கூட்டியது. கூடவே இன்னொரு தந்திரம். ஆன்டெனா எவ்வளவு பெரிதோ, அது அனுப்பும் கதிர் அவ்வளவு குறுகியது. டார்ச் லைட்டுக்கும் லேசருக்கும் உள்ள வித்தியாசம் மாதிரி. மேரிலாந்து மாநிலத்தில் இன்டெல்சாட்டிடம் 19 மீட்டர் அகல ராட்சத ஆன்டெனா ஒன்று இருந்தது. போட்டி நிறுவனத்தின் சேனல்களை அந்த ஆன்டெனா வழியாக அனுப்ப இன்டெல்சாட் இடம் கொடுத்தது. கதிர் குறுகியதால், சிக்னல் ஏ.எம்.சி-11-க்கு முழுசாகப் போனது. ஸாம்பியின் மேல் குறைவாகத்தான் பட்டது.

ஜூன் முதல் வாரத்துக்குள் கேலக்ஸி 15 அந்த இடத்தைக் கடந்து போனது. வீட்டில் டிவி பார்த்துக்கொண்டிருந்த அமெரிக்கர்களுக்கு எதுவுமே தெரியவில்லை. அந்த இன்ஜினீயர்களின் வெற்றியே அதுதான்.

அதன் பிறகு வழியில் இருந்த ஒவ்வொரு சாட்டிலைட்டுக்கும் இதே மாதிரி திட்டம், இதே மாதிரி போன் கால்கள். பக்கத்து சாட்டிலைட் எங்கே இருக்கிறது, எப்போது நகரும் என்ற தகவலைப் போட்டி நிறுவனங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. அதற்கென்றே இன்டெல்சாட், எஸ்.இ.எஸ், இன்மார்சாட் மூன்றும் சேர்ந்து முந்தைய ஆண்டுதான் 'ஸ்பேஸ் டேட்டா அசோசியேஷன்' என்ற அமைப்பைத் தொடங்கியிருந்தன. 'டேட்டாவைப் பகிர்ந்தால் ரகசியம் போய்விடும்' என்று தயங்கியவர்களுக்கு, பகிராவிட்டால் பிசினஸே போய்விடும் என்று காட்டியது இந்த ஸாம்பி.

விமானங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஜி.பி.எஸ் இருப்பிடத்தை மேலும் துல்லியமாக்கும் திருத்த சிக்னல்களை அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகம் சாட்டிலைட் வழியாகத்தான் அனுப்புகிறது. அதற்கான கருவி ஒன்று கேலக்ஸி 15-லும் இருந்தது. அது முழுசாக அணைந்தால் அலாஸ்காவின் வடமேற்குப் பகுதியில் இந்தச் சேவை பாதிக்கும் என்று அந்த நிர்வாகம் எச்சரித்திருந்தது. ஆக, ஒரு பக்கம் 'சீக்கிரம் அணையட்டும்' என்ற பிரார்த்தனை, இன்னொரு பக்கம் 'இன்னும் கொஞ்ச நாள் எரியட்டும்' என்ற கவலை!

ஸாம்பி எழுந்தது எப்படி?

கட்டளை இல்லாவிட்டால், சாட்டிலைட் எப்படியும் ஒரு நாள் பூமியைப் பார்க்கும் திசையை இழக்கும். அதன் திசையைப் பிடித்துவைக்கும் சுழல் சக்கரங்கள் தாங்கும் எல்லையை எட்டிவிடும். அப்போது சோலார் தகடுகள் சூரியனை விட்டு விலகும்; பேட்டரி தீரும். இது ஆகஸ்ட் வாக்கில் நடக்கும் என்று எதிர்பார்த்தார்கள். ஸாம்பி அதையும் பொய்யாக்கி டிசம்பர் வரை ஓடியது.

டிசம்பரில் ஒருவழியாக அது திசை தவறியது. பேட்டரி காலியானது. டிசம்பர் 23 அன்று, மொத்த மின்சாரமும் போய்த் திரும்ப வந்தபோது, கட்டளைகளை வாங்கும் கணினி தானாகவே ரீசெட் ஆனது. 'நான் ரெடி' என்று கட்டளைகளை ஏற்க ஆரம்பித்தது. ஆமாம், நம் வீட்டு வைஃபை ரூட்டருக்கு நாம் செய்யும் அதே வைத்தியம்: ஆஃப் பண்ணி ஆன் பண்ணு. ஆனால், அதற்கு எட்டரை மாதம் ஆனது. அதற்குள் அது மேற்கு 93 டிகிரி வரை, கிட்டத்தட்ட 29,000 கி.மீ நகர்ந்திருந்தது.

காரணம் என்ன? சாட்டிலைட்டின் மேற்பரப்பில் சேர்ந்த மின்னூட்டம் சட்டென்று பாய்ந்ததில், கட்டளை வாங்கும் யூனிட்டின் மென்பொருள் உறைந்துவிட்டது என்று விசாரணையில் சொன்னார்கள். மென்பொருள் திருத்தம் ஏற்றி, சோதித்து, 2011-ல் அதை மறுபடி 133 டிகிரிக்கே கொண்டுவந்து வேலையில் சேர்த்தார்கள். செத்ததாக எழுதப்பட்ட சாட்டிலைட் அதற்குப் பிறகு பத்து வருடத்துக்கு மேல் உழைத்தது.

2022 ஆகஸ்ட்டில், சூரியக் கிளர்ச்சியால் பூமியின் காந்தப்புலம் கொந்தளித்த நேரத்தில், மறுபடி அதே கதை. கட்டளைக்குப் பதில் இல்லை, கிழக்கே நகர்வு. இந்த முறை பதற்றம் குறைவு. சேனல்களை மற்ற சாட்டிலைட்களுக்கு மாற்றினார்கள். அதன் இடத்துக்கான 'கேலக்ஸி 33' தயாராகவே இருந்தது, அக்டோபரில் ஏவப்பட்டது.

டோ வண்டி, அபராதம், கல்லறை

ரோட்டில் வண்டி நின்றால் டோ பண்ண ஆள் வருவார். 35,786 கி.மீ உயரத்தில்? 2020 வரை யாரும் இல்லை. அந்த ஆண்டு பிப்ரவரி 25 அன்று, நார்த்ராப் க்ரம்மன் நிறுவனத்தின் 'எம்.இ.வி-1' என்ற விண்கலம், எரிபொருள் தீரும் நிலையில் இருந்த 'இன்டெல்சாட் 901' சாட்டிலைட்டைப் பின்னாலிருந்து பிடித்து இணைந்தது. இரண்டு வணிக சாட்டிலைட்கள் விண்வெளியில் இணைந்தது அதுவே முதல் முறை. 901-க்குக் கூடுதலாக ஐந்து வருடம் கிடைத்தது. 2025-ல் அதைப் பத்திரமாகக் கல்லறைப் பாதையில் விட்டுவிட்டு எம்.இ.வி-1 பிரிந்தது.

அதென்ன கல்லறை? ஓய்வுபெறும் சாட்டிலைட், கடைசிச் சொட்டு எரிபொருளை வைத்து சுமார் 300 கி.மீ மேலே போய் ஒதுங்கிவிட வேண்டும். அப்போதுதான் வேலை செய்யும் சாட்டிலைட்களின் பாதையில் அது குறுக்கே வராது. 'டிஷ்' நிறுவனம் தன் 'எக்கோஸ்டார்-7' சாட்டிலைட்டை அப்படி 300 கி.மீ ஏற்றுவதாகச் சொல்லியிருந்தது. எரிபொருள் பற்றாமல் 122 கி.மீ-யிலேயே விட்டது. 2023 அக்டோபரில் அமெரிக்கத் தகவல் தொடர்பு ஆணையம் அதற்கு 1.5 லட்சம் டாலர் அபராதம் போட்டது. விண்வெளிக் குப்பைக்காக அந்த ஆணையம் போட்ட முதல் அபராதம் அது. தொகை அந்த நிறுவனத்துக்குச் சில்லறைதான். ஆனால், இனிமேல் குப்பை போட்டால் பில் வரும் என்ற செய்தி பெரிது.

எல்லாவற்றையும் காப்பாற்றவும் முடியாது. லத்தீன் அமெரிக்காவுக்கும் கரீபியனுக்கும் சேவை தந்த 'இன்டெல்சாட் 29இ', 2016-ல் ஏவப்பட்டது. 2019 ஏப்ரலில் எரிபொருள் கசிந்து, மூன்றே வருடத்தில் முழு நஷ்டம்.

இனி என்ன?

இந்த வானத்து வாடகைக் கட்டடங்களுக்கு இப்போது கீழிருந்தும் பக்கத்திலிருந்தும் போட்டி. சி-பேண்டின் ஒரு பகுதியை 5ஜி-க்காக அமெரிக்க அரசு எடுத்துக்கொண்டு ஏலம் விட்டது. 2021-ல் முடிந்த அந்த ஏலத்தில் 8,000 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. இடத்தைச் சீக்கிரம் காலி செய்ய சாட்டிலைட் நிறுவனங்களுக்குப் பெரிய தொகை தரப்பட்டது. மக்கள் கேபிளை விட்டு ஸ்ட்ரீமிங்குக்குப் போகிறார்கள். இன்டர்நெட்டுக்கு, மிகத் தாழ்வான உயரத்திலேயே ஆயிரக்கணக்கில் சுற்றும் ஸ்டார்லிங்க் வந்துவிட்டது. புவிநிலை சாட்டிலைட்டுக்குச் சிக்னல் போய் வருவதற்கே கால் நொடி ஆகும். வீடியோ காலில் அது உறுத்தும். ஸ்டார்லிங்க்கில் அந்தத் தாமதம் தெரியாது.

ஆனாலும், ஒரே நிகழ்ச்சியை ஒரே நேரத்தில் ஒரு கண்டம் முழுக்கக் கொடுக்க வேண்டுமென்றால், ஒரே இடத்தில் நின்று மூன்றில் ஒரு பங்கு பூமியைப் பார்க்கும் சாட்டிலைட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. பத்து பேர் பார்த்தாலும் பத்து கோடி பேர் பார்த்தாலும் அதற்குச் செலவு ஒன்றுதான்.

இன்டெல்சாட் 2020-ல் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது, 2022-ல் மீண்டது. 2025 ஜூலையில் அதை 310 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது எஸ்.இ.எஸ். 2010 ஜூன் மாதம் ஒரு ஸாம்பியைக் கடத்திவிட ஆன்டெனாவைப் பகிர்ந்துகொண்ட அதே இரண்டு போட்டியாளர்கள்தான், இன்று ஒரே கம்பெனி.